தார்ப்பாயைச் சுற்றிப் போனவர்கள்

செம்பூர், பம்பாய்
17-3-1964

கண்ணியமிக்க மாமா ஜெயினுலாப்தீன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கச்சி மகன் கலீலுல்லா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். மேலப்பாளையத்தில் தாங்களும் மாமியும் என் உம்மாவும் நஸீராவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். என் உடன்பிறந்த காக்கா அபுதாஹிர் உடம்பு அளவில் சுகம். மற்ற அளவுகளைக் கீழே எழுதுகிறேன்.

போன கடிதத்தில் 'உங்கள் நிபந்தனை முட்டாள்தனம், ஆனாலும் முயற்சி நடக்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். மருமகன் எழுதுகிற கடிதமா இது, தந்தி ஆபீஸ்காரன்கூட இதைவிடப் பதமாக எழுதுவானே என்று மாமி வருத்தப்பட்டதாக உம்மா சொல்லி அனுப்பியிருந்தது. நான் டிராயிங் ஆபீஸில் கோடு போடுகிறவன். கோடு நேராக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. இருந்தாலும் இந்தத் தடவை மாமிக்காகப் பதமாக ஆரம்பித்திருக்கிறேன். கடைசிவரை தாங்குமா என்று உத்தரவாதம் தர முடியாது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காக்காவுக்கு எங்கள் ஆலையில் வேலை கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸும் கிடைக்கவில்லை. ஆகவே ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் அவர் நஸீராவை பம்பாய்க்குக் கூட்டிக்கொள்வது என்பது நடக்காது. இதற்கு மேல் படிக்க விருப்பமில்லை என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடலாம். ஆனால் எப்படி நடந்தது என்று தெரியாமல் நீங்கள் ஜமாஅத்துக்குப் போய் நிற்கக் கூடாது என்பதற்காக மிச்சத்தையும் எழுதுகிறேன்.

போன வருஷம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனால் ஊரில் நீங்கள் சொல்லிவருகிற கதைக்கும் நான் பக்கத்தில் நின்று பார்த்ததுக்கும் அளவு ஒத்துவரவில்லை. மாப்பிள்ளை பம்பாயில் லெதர் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லித்தான் நிக்காஹ் நடந்தது. அதில் பொய் கிடையாது, தாராவித் தோல்ஷாப்பும் லெதர் கம்பெனிதான், நாற்காலி மட்டும் இல்லை. நீங்கள் கைலி வியாபாரத்துக்கு வந்த இடத்தில், மருமகனுக்கு ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஷாப்புக்குள் நுழைந்தீர்கள். அவர் முழங்கால்வரை சுண்ணாம்புக் குழியில் நின்று ஆட்டுத்தோல் அலசிக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் சலாம் சொல்லிக் கையை நீட்டினார். நீங்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தீர்கள், வாங்கிவைத்த சாயா ஆறிப்போனது, அன்றைய வண்டியிலேயே திரும்பிவிட்டீர்கள். கொழும்புக்கு ஏமாந்து பெண் கொடுத்தவன்கூட இவ்வளவு ஏமாறவில்லை என்று ஊரில் சொன்னீர்களாம். பிறகு வந்தது உங்கள் கடுதாசி: கம்பெனி என்றால் கம்பெனி மாதிரி வேலை, சம்சாரம் வைக்கக் குவார்ட்டர்ஸ், இரண்டும் வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்குள், இல்லையென்றால் என் மகளை விட்டுவிடட்டும், அதற்கு ஒரு வார்த்தை போதும். என்னுடைய டிப்ளமோவும் அந்தச் சுண்ணாம்புக் குழியில் இருந்து வந்ததுதான் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். வாப்பா மவுத்தான பிறகு எனக்கு ஸ்கேலும் காம்பஸும் வாங்கித் தந்த கை அது. நீங்கள் தொடாத கை.

நானே ஒரு ரூம் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நான் இருப்பது பேச்சிலர் விடுதி, பெண்பிள்ளைகள் வாசல்வரைக்கும்கூட வரக் கூடாது. வெளியே பிடிக்கிறேன் என்றதற்கு, தம்பி சம்பாத்தியத்தில் பொஞ்சாதியைக் குடிவைத்தான் என்று பேர் வாங்கவா என்று காக்கா கேட்டார். சரி, கம்பெனி வேலைதான் வழி என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் லேபர் ஆபீஸர் நோட்டீஸ் ஒட்டினார்.

இந்த லேபர் ஆபீஸரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஆலைகளுக்குள் நடக்கிற வாலிபால் பந்தயத்தில் எங்கள் ஆலை தோற்றுக்கொண்டே இருப்பது அவருக்குச் சோறு இறங்காத விஷயம். அதனால் லோடிங் செக்ஷனுக்கு ஆள் எடுக்கும்போது பந்து விளையாடுகிறவனாகப் பார்த்து எடுக்கிறார். ஆனால் பந்து மட்டும் அடித்தால் போதாது. வெளியே இருந்து இரண்டு டீம் வரவேண்டும், முதலில் வாலிபால், அது முடிந்ததும் அதே ஆறு பேரும் அதே பந்தோடு தடை ஓட்டம் ஓட வேண்டும். பலகைச் சுவர், டிரம்முக்குள் நுழைவது, வலைக்கு அடியில் ஊர்வது, குழாய் மேல் நடப்பது என்று பட்டாளத்தில் இவர் பட்ட பாட்டையெல்லாம் ஆலை மைதானத்தில் நட்டுவைக்கச் சொல்லுவார். பந்து கைமாறலாம், தரையில் படக் கூடாது. வாலிபாலுக்கு ஒரு பங்கு மார்க், ஓட்டத்துக்கு இரண்டு பங்கு. இது என்ன கணக்கு ஸாப் என்று நான் கேட்டதற்கு, மூட்டை தூக்குகிறவன் நெட்டுக்கு முன்னால் நின்று என்ன செய்யப்போகிறான் என்றார். நியாயம்தான். ஜெயிக்கிற டீம் அப்படியே ஆறு பேரும் பெர்மனெண்ட், கல்யாணமானவனுக்குக் குவார்ட்டர்ஸ்.

நோட்டீஸைப் படித்ததும் நான் தாராவிக்கு ஓடினேன். ஏனென்றால் மாமா, உங்கள் மருமகனான காக்காவுக்கு ஒரு விஷயத்தில் பம்பாயில் இணை கிடையாது, அது நீங்கள் கேட்டே இராத விஷயம். வாலிபால். ஷாப்புக்குப் பின்னால், பெரிய தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடை ஓடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருக்கிறது. தோல் காயப்போடுகிற நிலம். விரித்த தோலுக்கு நடுவே கொஞ்சம் வெற்றுத் தரை விட்டுவைத்திருக்கும், அதுதான் இவர்கள் கோர்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்ப் பாருங்கள். குழிக்குள் நிற்கும்போது கூனிக்கிடக்கிற மனுஷன் நெட்டுக்குப் பக்கத்தில் எழும்புகிற உயரத்தைப் பார்த்தால் நீங்கள் அந்தக் கைக்குட்டையைப் பைக்குள் போட்டிருப்பீர்கள். பந்து சில சமயம் சுண்ணாம்புக் குழியில் விழுந்து தையல் வெந்து வரும். தோல்மேல் விழுந்தால் மட்டும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். யாரும் போய் எடுக்க மாட்டார்கள். ஒரு நீளத் தொரட்டி வைத்திருக்கிறார்கள், ஓரத்தில் நின்று அதைப் போட்டு மெதுவாக இழுத்துத்தான் எடுப்பார்கள். ஈரத் தோலை மிதித்தால் மண் உறுத்தின இடமெல்லாம் பதமான பிறகு வடுவாக நிற்கும், அந்தத் தோல் செருப்புக்குக்கூட விலை போகாது. ஷாப்பில் சேருகிற அன்றே மேஸ்திரி கற்றுக்கொடுக்கிற பாடம் இது. எதைக் கொண்டு கற்றுக்கொடுப்பார் என்று காக்காவின் முழங்காலைப் பார்த்தால் தெரியும்.

ஷாப்பிலேயே ஆறு பேரைச் சேர்த்தோம். காக்கா கேப்டன். அடுத்த ஆள் வெயிலுமுத்து, நாங்குநேரிப் பக்கம், சுண்ணாம்புக் குழியில் காக்காவுக்கு எதிர்ப்புறம் நிற்கிறவர், வாய் நிற்காதவர். தடை ஓட்டத்துக்கு ப்ளான் வரைந்தது நான்தான், ஆபீஸர் சொல்லச் சொல்லக் கோடு போட்டேன், பிறகு அது எல்லோரும் பார்க்கிற மாதிரி நோட்டீஸ் போர்டில் தொங்கியது. ஆகவே இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, நீங்கள் அதைக் கிளப்ப வேண்டாம். அதே ப்ளானை நான் தாராவியில் கட்டினேன். பலகைச் சுவருக்கு ஷாப்பின் மதில். டிரம்முக்குச் சுண்ணாம்பு பீப்பாய், இரண்டு பக்கமும் மூடியைக் கழற்றியது. வலைக்குக் கோலிவாடாவில் கெஞ்சி வாங்கின மீன்வலை, அதற்குள் ஊர்ந்து வெளியே வந்தால் தோல் வாடை போய் மீன் வாடை வரும், அதுவே பெரிய முன்னேற்றம் என்று வெயிலுமுத்து சொன்னார். குழாய்க்குக் குழாயே இருந்தது. இவர்கள் தினமும் வேலைக்கு வருவதே அந்தத் தண்ணீர்க் குழாய் மேல் நடந்துதான். இது நமக்குத் தடையாடே, இது நம்ம மெயின் ரோடுல்லா என்றார் வெயிலுமுத்து.

ப்ளானில் கடைசித் தடை ஒரு தார்ப்பாய். தரையில் விரித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வழுக்கிக்கொண்டு அதன்மேல் ஓடிக் கடக்க வேண்டும், அதைத் தாண்டினால் முடிவுக்கோடு. தாராவியில் என்னிடம் தார்ப்பாயும் இல்லை, விரிக்க இடமும் இல்லை. அந்த அளவுக்கு, அந்தத் திசையில், ஈரத் தோல் விரித்துக் கிடந்தது. சரி, இதைத் தார்ப்பாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நினைத்துக்கொண்டார்கள். எல்லாத் தடையும் தாண்டி, நினைத்துக்கொண்ட தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு, முடிவுக்கோட்டுக்கு வந்தார்கள். நான் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்து சபாஷ் சொன்னேன். ஆறு பேர் கால்பட்டு ஆட்டுத்தோல் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது. சமதரையில் வழுக்கி ஓடுவதற்குத் தனியாக என்ன பயிற்சி வேண்டும் என்று எந்த என்ஜினீயரும் அப்படித்தான் நினைப்பான்.

பந்தயம் போன ஞாயிற்றுக்கிழமை. எதிர் டீம் மான்குர்த் உப்பளத்து ஆட்கள், கேப்டன் நம்ம பக்கத்துக்காரன் ஒருவன், கோமதிநாயகம் என்று பேர். காக்கா அன்றைக்கு எத்தனை தரம் குளித்தார் என்று எண்ணவில்லை, ஆனால் லோக்கல் வண்டியில் அவர் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தது, அதிலேயே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீங்கள் பழைய கடுதாசி ஒன்றோடு அனுப்பியிருந்த, நஸீரா தைத்த சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார். போட்டுக்கொள்ளும் காக்கா என்றேன். வேலை கிடைச்ச பொறவு போடுதேன், ஆபீஸர் முன்னால என்றார். வண்டி குர்லா தாண்டும்போது, குவார்ட்டர்ஸில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். கிழக்கு என்றேன். நஸீராவுக்கு அதிகாலைக் காற்று வேண்டும், கிழக்கு நல்லதுதான் என்றார். இவ்வளவுதான் பேசினோம்.

வாலிபால் ஒரு பேச்சே இல்லை. காக்கா அடித்த பந்தை உப்பளத்து ஆட்கள் பார்த்ததோடு சரி, தொட்டவன் கையை உதறிக்கொண்டு போனான். ஆபீஸர் எழுந்து நின்று கை தட்டினார். ஒரு கோணத்தில் பந்து எந்த வேகத்தில் இறங்கினால் எடுக்க முடியாது என்று நான் பேப்பரில் போட்டுக் காட்டமுடியும், காக்கா அதைத் தோளில் வைத்திருக்கிறார். பிறகு தடை ஓட்டம். முதலில் மான்குர்த். பலகைச் சுவரில் இரண்டு பேர் சறுக்கினார்கள், டிரம்முக்குள் ஒருவன் தோள் மாட்டிக்கொண்டான், ஆனால் தார்ப்பாய்க்கு வந்ததும் குஷி வந்துவிட்டது. உப்பளச் சேற்றில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனார்கள். ஆபீஸர்கள் வீட்டு அம்மாமார்கள் சிரித்து மாளவில்லை.

அடுத்தது நம் ஆட்கள். மாமா, நான் வரைந்த எந்த ப்ளானும் அவ்வளவு சுத்தமாக நடந்து நான் பார்த்தது கிடையாது. பலகைச் சுவர் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. டிரம்முக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். குழாய் மேல் நடக்கவில்லை, ஓடினார்கள், பந்து கை மாறிக்கொண்டே வந்தது, யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. என் ஸ்டாப் வாட்ச்சில் மான்குர்த்தைவிடப் பாதி நேரம். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பந்து காக்கா கையில், அவர் முன்னால், பின்னால் ஐந்து பேர். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வந்தார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி, கறுத்து, ஓரம் சுருண்டு, வெயிலில் மினுமினு என்று கிடந்தது. காக்கா வேகத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. நேராக வந்தவர் ஓரத்தில் சட்டென்று வளைந்தார், குதிகாலைத் தூக்கிக்கொண்டு, முன்விரலில், விளிம்பில் மண் சிதறிவிடாத மாதிரி அதைச் சுற்றிப் போனார். பின்னால் வந்த ஐந்து பேரும் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, வரிசையாக, அதே மாதிரி சுற்றிப் போனார்கள். வாய் ஓயாத வெயிலுமுத்துகூட அந்த இடத்தில் மூச்சு விடவில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஆகாசத்தில் தூக்கிப் போட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு மைதானம் பூராவும். தங்களைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து காக்காவும் சிரித்தார். அதைத்தான் என்னால் இன்னமும் ஜீரணிக்க முடியவில்லை.

விசில் ஊதி ஆபீஸர் வந்தார். நல்ல மனுஷன், அவர் சிரிக்கவில்லை. ஏன் தார்ப்பாயை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதை விட்டோம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. வெயிலுமுத்துதான், ஸாப்புக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற முகத்தோடு இந்தியில் சொன்னார்.

"பிச்சாயா ஹை நா ஸாப், உஸ்கே ஊபர் பாவ் கைசே ரக்கேகா?"

விரித்துப் போட்டிருக்கிறதே, அதன் மேல் எப்படிக் கால் வைப்பது என்று அர்த்தம். ஆபீஸர் என்னைப் பார்த்தார். நான் ப்ளானைப் பார்த்தேன். ப்ளானில் எல்லாம் சரியாக இருந்தது. இவர்கள் தோல்ஷாப் ஆட்கள், கால் தானாக விலகிவிட்டது, இன்னொரு தரம் ஓடச் சொல்லுங்கள், நாள் பூராவும் அதன் மேலேயே ஓடுவார்கள் என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன், நாளைக்கு எனக்கு மெமோ வரலாம். தடையைத் தாண்டாதவர்களுக்கு ஓட்டத்தின் இரண்டு பங்கு மார்க்கும் இல்லை என்பது விதி, மான்குர்த்துக்காரர்கள் நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்கிறார்கள், அவரும்தான் என்ன செய்வார். அடுத்த வருஷம் வா என்று காக்கா தோளில் கை வைத்துச் சொன்னார். கோமதிநாயகம் வந்து காக்கா கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி, நீங்கதான் ஜெயிச்சீங்க, ஆனா எங்களுக்கும் வேணும்லா, வீட்ல மூணு பொட்டப்புள்ள என்றான். காக்கா அவனுக்கு முபாரக் சொன்னார். உங்களுக்கு இந்த இடத்தில் கோபம் வரும், எனக்கும் வந்தது. அவன்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாததால் நான் வீட்டுக்கு வருகிற வழியில் டிக்கெட் பரிசோதகரோடு சண்டை போட்டேன்.

திரும்பும் வண்டி சயான் ஸ்டேஷனை நெருங்கியது. இறங்குகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் காக்கா கேட்டார்.

"கலீலு, தார்ப்பாய மிதிச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாதோ?"

ஆகாது காக்கா, அதற்காகத்தான் விரித்திருந்தார்கள் என்றேன். அப்படியா என்றார். அந்தச் சட்டையை மடிப்புக் கலையாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்போது நீங்கள், ஆறு பேருக்கும் அறிவில்லையா, கண் இல்லையா என்று கேட்பீர்கள். நான் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் வீட்டில் நிக்காஹ் அன்று கூடம் நிறைய ஜமக்காளம் விரித்திருந்தது. மாப்பிள்ளை நடுவே நடந்து வந்து உட்கார வேண்டியவர், ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தார். பம்பாய் மாப்பிள்ளைக்கு முறுக்கைப் பாரு, நம்ம ஜமக்காளம் அவருக்கு மட்டமாப் போச்சோ என்று நீங்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னீர்கள். அது முறுக்கு இல்லை, மாமா. சின்ன வயதில் அடி வாங்கின கால். அந்தக் காலுக்கு மூளையைக் கேட்கிற பழக்கம் போய்விட்டது. தாராவி ரூமில் பாய் விரித்திருந்தால் இன்றைக்கும் அவர் ஓரமாகத்தான் வருவார். அவரோடு அந்த ரூமில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் விட்டுப்போனது. ஒரு ஆளை அவன் வேலை அவனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்காகத் தோற்கடித்துவிட்டார்கள், அதற்கு நான் ப்ளான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒரு வருஷ தவணை. உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை, கேட்கிற குணமும் எனக்கு இல்லை, இதை எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அடுத்த மார்ச் மாதம் மறுபடியும் பந்தயம் உண்டு, ஆபீஸர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நல்ல தார்ப்பாயாக ஒன்று வாங்கி, என் விடுதிக்கு முன்னால் விரித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஞாயிறுதோறும் ஆறு பேரையும் அதன்மேல் நடக்கவைத்து, அந்தப் பழக்கத்தையே காலில் இருந்து கழற்றி எடுத்துவிடுகிறேன். இது முழுக்க முழுக்கத் தீர்க்கக்கூடிய கோளாறு. ஒரு இயந்திரத்தில் ஒரு பல்லு தேய்ந்ததற்காக யாரும் இயந்திரத்தை ஓடையில் தள்ள மாட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஜமாஅத்தைக் கூட்ட வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை அவரிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் சொல்லிவிடுவார், மாமா. பெரியவங்க கேட்டுட்டாங்களே என்பதற்காகவே சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் குழியில் இறங்கி நின்றுகொள்வார். அவர் அப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துதானே நீங்களும் எழுதினீர்கள்.

மாமிக்கு என் சலாம். பதமாக எழுத முயன்றேன் என்று சொல்லவும். உம்மாவை வெயிலில் கிணற்றடிக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளவும். பக்கத்துவீட்டுச் சைனப் லாத்தாவுக்கும் எல்லோருக்கும் சலாம். தங்கள் கைலிக் கடையில் பரக்கத் பெருகட்டும், தங்கள் கோபத்தில் மட்டும் குறையட்டும் என்று துஆ செய்யும்,

தங்கள் மருமகன்
கலீலுல்லா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து தள்ளிவிடவும். காக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்க வரும், அவர் பெயரில் தவணை கேட்கிறோமே, ஒரு தரம் வாசித்துக்காட்டிவிட்டுத் தபாலில் போடலாம் என்று இன்று சாயங்காலம் தாராவிக்குப் போனேன். முழுக்கக் கேட்டார். ஜமக்காள விஷயம் வந்த இடத்தில் சிரித்தார். தவணை வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு வருசம் கேக்காத கலீலு. அது அவளோட வருசம்லா. அத மாமாகிட்டப் போயி நாம எப்பிடிக் கேக்கது?"

நான் கடிதத்தை மடித்தேன். அவர் எழுந்து போய் மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டு வந்தார். போரிபந்தரில் அவரை மெட்ராஸ் வண்டி ஏற்றிவிட்டு, அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதமும் அதே வண்டியில் தபால் பெட்டியில் வருகிறது, அவர் பின்னால் ஜெனரல் பெட்டியில் வருகிறார். எது முதலில் உங்கள் வாசலுக்கு வரும் என்பது தபால்காரரைப் பொறுத்தது. உங்கள் நிபந்தனை எதுவும் நிறைவேறவில்லை, வேலை அதேதான், ரூம் அதேதான், அதை மறைக்கவில்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். நஸீரா வர மாட்டேன் என்றால் நீங்கள் கேட்ட வார்த்தையை அங்கேயே சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுவாராம். தனியாகத் திரும்பினால் எனக்குத் தந்தி கொடுக்கவும், நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவர் நஸீராவிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். என்ன என்று நானும் கேட்டேன், உனக்கு இல்ல என்றுவிட்டார். நம்மில் ஒருவரும் இதுநாள்வரை அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டு முடிக்கிறவரைக்கும் நீங்கள் கொஞ்சம் தெருவில் போய் நில்லுங்கள், மாமா.